நிறுத்து ஊட்டிய பிள்ளை

இல்ஃபோர்டில் எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வெள்ளைக்கார அம்மாள் ஒருத்திக்கு என்னைப் பார்த்தால் சிரிப்பு வரும். சனிக்கிழமைதோறும் என் கூடையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். டபுள் கிரீம் பத்து டப்பா, உப்புப் போடாத வெண்ணெய் ஆறு கட்டி, முட்டை இரண்டு டஜன், ஆலிவ் எண்ணெய், ஒரே ஒரு வெள்ளரிக்காய். முதல் வாரமே, "கேக் செய்கிறீர்களா?" என்று கேட்டாள். என்னிடம் இருந்த இங்கிலீஷுக்கு விஷயத்தை விளக்கி மாளாது. "யெஸ், கேக்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம், கேக் எப்படி வந்தது என்றாள். நன்றாக வந்தது என்றேன். இப்படியே போய், ஒருநாள் அவள் தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு ஒரு கேக் செய்து தர முடியுமா, காசு கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு மாதம், இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கிற வேறு கடைக்கு நடந்து போனேன். ஒரு சின்னப் பொய்க்காக மழையில் நடப்பதெல்லாம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் புரியும். ஊரில் இருப்பவர்கள் சிரிப்பீர்கள்.

அந்தக் கிரீம் எல்லாம் ஐந்தரை வயதுப் பிள்ளை ஒருவனின் ஒரு வாரச் சாப்பாடு. என் மகன் சங்கருக்கு மூன்று வயதில் வலிப்பு தொடங்கியது. முதலில் மாதத்துக்கு ஒன்று, பிறகு வாரத்துக்கு ஒன்று. நாலு வயது ஆகும்போது ஒரே நாளில் பன்னிரண்டு வந்தது. மூன்று மருந்து மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கீட்டோஜெனிக் டயட் என்று ஒன்றைச் சொன்னார்கள். சோறு, ரொட்டி, சர்க்கரை, பழம் எல்லாவற்றையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கொழுப்பையே சாப்பாடாகக் கொடுப்பது. உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகிக்கொள்ளும். அப்படி ஓடும்போது சில பிள்ளைகளுக்கு வலிப்பு அடங்குகிறது. ஏன் அடங்குகிறது என்று டாக்டரிடம் கேட்டேன். முழுக்கத் தெரியாது என்றார். டாக்டருக்கே தெரியாது என்பதை நினைத்து ஒரு வாரம் தூங்கவில்லை நான். நாலு பங்கு கொழுப்புக்கு ஒரு பங்குதான் மற்றதெல்லாம். எலெக்ட்ரானிக் தராசில் கிராம் கிராமாக நிறுத்து, தட்டில் ஒட்டியதையும் ரப்பர் கரண்டியால் வழித்து ஊட்டிவிட வேண்டும். பற்பசையில், இருமல் மருந்தில் சர்க்கரை இருந்தால்கூட ஆகாது. காலையும் மாலையும் அவன் மூத்திரத்தில் ஒரு காகிதக் குச்சியை நனைத்துப் பார்க்க வேண்டும். குச்சி கத்திரிப்பூ நிறமாக மாறினால் உடம்பு சரியாக ஓடுகிறது. வெளிறிப் போனால் எங்கோ மாவோ சர்க்கரையோ உள்ளே போயிருக்கிறது. தொடங்கி நாலாவது மாதத்தில் வலிப்பு நின்றது. ஏழு மாதம் ஒன்றுகூட வரவில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம் என்றார் டாக்டர். எனக்கும் என் மனைவி செல்விக்கும் அந்த இரண்டு வருஷம்தான் உலகம்.

தொழிலில் நான் புரோட்டா மாஸ்டர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு விருதுநகரில் ஒரு கடையில் மாவு பிசைய நின்றவன். எண்ணெயில் பொரித்து எடுக்கிற எங்கள் ஊர்ப் புரோட்டாதான் என்னை மதுரைக்கும் சென்னைக்கும் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு முதலாளி கண்ணில் பட்டு லண்டன் வரைக்கும் இழுத்து வந்தது. ஒரு நாளைக்கு இருபது கிலோ மைதா என் கையால் புரளும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவேன். அப்படியும் சங்கர் என் மடியில் ஏறி உள்ளங்கையை மூக்கில் வைத்து மோந்துகொண்டே இருப்பான். "அப்பா ஸ்மெல்" என்பான். என்மேல் பாசம் என்றுதான் நினைத்திருந்தேன்.

டயட் தொடங்கும் முன்பு ஹெலன் என்ற டயட்டீசியன் அம்மாள் ஒரு ஃபாரத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். "இவனுக்குச் சாப்பாடு கொடுப்பது யார் யார்?" எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பிள்ளை ஒரு வீட்டில் இட்லி, அடுத்த வீட்டில் முறுக்கு என்று தின்று திரியும். யார் வீட்டு அடுப்பில் என்ன வெந்தாலும் முதல் வாய் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத்தான். பெருமையாக, "எவ்ரிபடி" என்றேன். ஹெலன் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். பெற்றோர் கவனிப்பில்லாத பிள்ளை என்று எழுதிக்கொண்டாள் போலிருக்கிறது. அடுத்த தடவை இன்னொரு அம்மாளும் கூட உட்கார்ந்து, வீட்டில் நாங்கள் எத்தனை பேர், சங்கர் எங்கே தூங்குகிறான் என்றெல்லாம் விசாரித்தாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

சங்கருக்கு டயட் தொடங்கிய வாரத்தில்தான் ஊரில் என் அப்பா இறந்தார். ஆஸ்பத்திரியில் பிள்ளையை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. கொள்ளி அண்ணன் வைத்தான். அதனால் முதல் வருஷத் திவசத்துக்காவது போயே ஆக வேண்டும் என்று இருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் செல்விக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் பிள்ளையைப் பார்த்து நிறுத்து ஊட்ட இங்கே வேறு ஆள் இல்லை. சங்கரைக் கூட்டிக்கொண்டு நான் மட்டும் மூன்று வாரத்துக்குக் கிளம்பினேன். ஒரு பெட்டி முழுக்கக் கெடாத கிரீம், வெண்ணெய் டின், மூத்திரக் குச்சி, தராசு. சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி தராசைக் கையில் எடுத்து, "தங்கம் நிறுக்கவா?" என்றார். சாப்பாடு நிறுக்க சார் என்றேன். "யாருக்கு?" "இவனுக்கு." அவர் சங்கரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தராசை உள்ளே வைத்து மூடினார். என்ன நினைத்தாரோ தெரியவில்லை.

அண்ணன் வீடு சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில். அண்ணன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவன். மதினி மாரீஸ்வரி வீட்டில் இருந்தபடியே வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறவள். கம்பெனியில் இருந்து காகிதமும் பசைக்கு மைதாவும் கொடுத்துவிடுவார்கள். விடிந்ததும் பசை காய்ச்சி அலுமினியத் தட்டில் ஊற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கம்பியில் காகிதத்தைச் சுற்றி, ஒரு விரலால் பசையைத் தொட்டு இழுத்து, கம்பியை உருவிப் போட்டுக்கொண்டே இருப்பாள். பேசும்போதும் கை நிற்காது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

சங்கருக்கு என் அப்பா பெயர். மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாதென்று மதினி அவனைத் தொரை என்றுதான் கூப்பிடுவாள். வாசலில் ஆட்டோ நின்றதுமே தூக்கிக்கொண்டாள்.

"வாங்க தம்பி. வா தொரை. என்ன தம்பி பிள்ள இப்படி வெளுத்துக் கெடக்கான்? லண்டன்ல சோத்துக்குப் பஞ்சமா?"

டயட்டைப் பற்றி விவரமாகச் சொன்னேன். சோறு, இட்லி, வாழைப்பழம், வெல்லம், எதுவுமே கூடாது, ஒரு பருக்கைகூட. அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் புரோட்டா வீசிப் போடுறீக. பெத்த பிள்ளைக்கு ஒரு துண்டு பிச்சுக் குடுக்க வழியில்லையாக்கும்? நல்ல படிப்பு படிச்ச டாக்டருதான்."

"மதினி, வெளையாட்டு இல்ல. திரும்ப வலிப்பு வெட்டு வந்துரும்."

"வெட்டு வரும்னா நான் ஏன் குடுக்கேன்? என்னைய என்னன்னு நெனச்சீக?" என்றவள், பிறகு தாழ்ந்த குரலில், "இம்புட்டு எண்ணெயும் வெண்ணெயும் தின்னா பிள்ள நாக்கு என்னத்துக்கு ஆகும்" என்று சொல்லிக்கொண்டாள். அன்றே தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, தொரைக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாதென்று சொல்லிவிட்டு வந்தாள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஐந்து நிமிஷம் தாண்டினால் கன்னத்துக்குள் இந்த மருந்தை விட வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்ததை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். இத்தனையும் செய்தவளைத்தான் நான் சந்தேகப்பட்டேன்.

மூன்றாம் நாள் காலை குச்சியின் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பயணக் களைப்பு என்று தேற்றிக்கொண்டேன். நாலாம் நாள் ரோஜா நிறம். தராசு வெயிலில் கெட்டுவிட்டதோ என்று மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்ப் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அரிசிப் பானையை உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். சீனி டப்பாவை என் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். மதினியின் பற்பசையைக்கூட எடுத்து மேலே ஒளித்தேன். அண்ணனும் மதினியும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மூக்குக்குக் கீழேதான் இருந்தான் பிள்ளை, நாள் முழுக்க மதினி பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குக் காகிதம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு. ஐந்தாம் நாள் குச்சி வாங்கி வந்த நிறத்திலேயே இருந்தது.

ஆறாம் நாள் காலை பத்து மணி. மதினி குழாய் சுருட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருந்த சங்கரின் கண் மேலே சொருகியது. வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. ஏழு மாதம் பார்க்காததைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அவன் கையில் திணிக்கப் பார்த்தாள். மதினிதான் அவளைத் தள்ளிவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் போட்டு, "தம்பி, கடிகாரத்தைப் பாருங்க" என்று கத்தினாள். இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. செல்விக்குப் போன் போட்டேன். அவள் அழவில்லை. எத்தனை நிமிஷம் என்று மட்டும் கேட்டுவிட்டு, "யாரு என்ன குடுத்தா?" என்றாள். அந்தக் கேள்வி என் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் திவசம். சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். வடை, பாயசம் எல்லாம் ஒரு பக்கம் இருந்தது. அதனால் விடிந்ததில் இருந்தே அவன்மேல் ஒரு கண் வைத்திருந்தேன். படையல் போடுகிற நேரத்தில் சங்கரைக் காணோம் என்று தேடினேன். பின்வாசலில் மதினி குனிந்து அவன் வாயோரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியில் வெள்ளையாக என்னவோ ஒட்டியிருந்தது.

"என்னத்தக் குடுத்தீக?"

"என்னத்தக் குடுத்தேன்? எச்சி ஒழுகி காஞ்சு கெடக்கு, தொடைக்கேன்."

"பொய் சொல்லாதீக மதினி. வெள்ளையா இருக்கு. பாயசமா, மாவா? உங்களுக்குப் பிள்ள இல்ல, உங்களுக்கு எங்க தெரியும் அந்த வலி!"

கடைசி வாக்கியம் வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கே கேட்டது. அண்ணன், "ஏலே, நாக்க அடக்குலே" என்று எழுந்து வந்தான். மதினி அவனைக் கையால் விலக்கினாள். அழுவாள் என்று நினைத்தேன். படையலுக்கு முன்னால் இருந்த சூடத்தில் ஒரு கட்டியை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து விளக்கில் பற்ற வைத்தாள். வலது கையைச் சங்கரின் தலையில் வைத்தாள்.

"எனக்குன்னு ஒரு பிள்ள இல்ல. அதனால இவன் தலையில அடிச்சுத்தான் சொல்லணும். என் கையால ஒரு பருக்க, ஒரு சொட்டு இவன் வாய்க்குப் போயிருந்தா மாரியாத்தா கேக்கட்டும்."

சொல்லிவிட்டு எரிகிற சூடத்தோடு கையை மூடி நசுக்கி அணைத்தாள். எங்கள் பக்கத்தில் சூடம் அணைத்து ஒருத்தர் சத்தியம் பண்ணிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கோர்ட்டுக்குப் போன வழக்கே அதோடு முடிந்துவிடும். நானும் பேசவில்லை. ஆனால் நம்பவும் இல்லை. அதுதான் உண்மை. லண்டனில் இருந்து வந்தவன் மூத்திரக் குச்சியை நம்பினேன், சூடத்தை நம்பவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை, சுருட்டி முடித்த கட்டுகளைக் கொடுக்க மதினி கம்பெனிக்குப் போயிருந்தாள். என்னோடு அவள் பேசவில்லை. நான் கொல்லையில் சங்கரின் தட்டைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். மதினி உட்காருகிற இடத்தில், அவள் மாதிரியே ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கிச் சங்கர் உட்கார்ந்திருந்தான். அலுமினியத் தட்டில் நேற்றைய பசை. ஒரு விரலால் அதைத் தொட்டு இழுத்து வாயில் வைத்துச் சூப்பினான். மறுபடியும் தொட்டான். அவசரமே இல்லை. பழகின கை. தட்டின் ஒரு பாதி வழித்துச் சுத்தமாக இருந்தது.

"சங்கர்!"

அவன் பயப்படவில்லை. என்னைப் பார்த்து, தெளிவாகச் சொன்னான்.

"சாப்பாடு இல்லப்பா. இது க்ளூ."

யார் சாப்பாடு கொடுத்தாலும் வாங்கக் கூடாதென்று நான் சொல்லி வளர்த்திருந்தேன். அவன் வாங்கவில்லை. ஒரு வருஷமாக மாவைக் காணாத பிள்ளை, அப்பன் உள்ளங்கையில் மோந்து பார்த்த வாசனையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான். நான் அந்தப் பசையைத் தொட்டு என் நாக்கில் வைத்தேன். கசக்கவில்லை. வெறும் மைதா, உப்பில்லாத கஞ்சி மாதிரி. ஆனால் பசை கசக்க வேண்டும்.

நானும் அண்ணனும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அம்மா தீப்பெட்டி ஒட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கி வருவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்களும் உட்கார்ந்து ஒட்டுவோம். மழைக்காலத்தில் வேலை குறைந்து வீட்டில் உலை வைக்காத நாட்கள் வரும். அப்போது ஒட்டுகிற சாக்கில் ஒரு விரல் பெட்டிக்கு, ஒரு விரல் வாய்க்கு என்று பசையைத் தின்போம். அம்மா பார்த்துவிட்டு அடிப்பாள், பிறகு திரும்பிக்கொள்வாள். அந்த ஊரில் எத்தனை வீட்டில் அப்படி நடந்ததோ தெரியாது. மாவோடு மயில்துத்தமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். நீலக் கல் மாதிரி இருக்கும், பொடித்துப் பசையில் போட வேண்டும், விஷம். பெட்டியைப் பூச்சி அரிக்காமல் இருக்க என்று சொன்னார்கள். பிள்ளைகள் தின்னாமல் இருக்கவும்தான். அதையும் மீறி ஒருநாள் அண்ணன் தின்றுவிட்டு நீலமாக வாந்தி எடுத்தான். அதிலிருந்து பசையைப் பார்த்தால் எங்களுக்குச் சாப்பாடு ஞாபகம் வந்ததே இல்லை, விஷம்தான் ஞாபகம் வரும். அரிசியைப் பூட்டினேன், சீனியைப் பூட்டினேன், பற்பசையை ஒளித்தேன். தினமும் இருபது கிலோ மைதா பிசைகிற நான், என் மகன் மூக்குக்கு நேரே ஒரு தட்டு மைதா திறந்து கிடந்ததைப் பார்க்கவே இல்லை.

மதினி வந்ததும் கேட்டேன். "பசையில துத்தம் போடலையா?"

முதல் நாளில் இருந்து பேசாதவள், கேள்வி புரியாமல் பேசிவிட்டாள். "எப்படிப் போட? நண்டு மாதிரி பிள்ள பக்கத்துலயே உக்காந்துருக்கு. கைய வாயில வச்சுட்டான்னா? நீங்க வாரீகன்னு தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்திட்டேன். துத்தம் இல்லாத கொழாயி செல்லரிக்கும்னு கம்பெனியில ரெண்டு கட்டைத் திருப்பி மூஞ்சில எறிஞ்சுட்டான். போறான்னு விட்டேன்."

நான் தட்டைக் காட்டினேன். சங்கரின் விரலைக் காட்டினேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் என்மேல் கோபப்படுவாள், காறித் துப்புவாள் என்று நின்றேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சூடம் அணைத்த இடத்தில் காசு அகலத்துக்குக் கொப்புளம்.

"அப்ப என் கை மாவுதான் போயிருக்கு."

"நீங்க குடுக்கல மதினி. அவனா எடுத்துத் தின்னான். நாந்தான் உங்களப் பேசக்கூடாதது பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

"நான் காச்சுன பசை. என் தட்டு. ஒரு பருக்க போகலன்னு அவன் தலையில அடிச்சேனே தம்பி. பொய்ச் சத்தியமாயிருச்சே."

"தெரிஞ்சா பண்ணுனீக?"

"தெரிஞ்சு தொட்டாலும் தெரியாமத் தொட்டாலும் நெருப்பு சுடாதா?" என்றாள். அதற்கு மேல் நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை. நான் கேட்ட மன்னிப்பு அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. நான் பேசிய பேச்சைவிட அவள் செய்த சத்தியம் அவளுக்குப் பெரிதாகிவிட்டது. மீதி இருந்த இரண்டு வாரமும் அவள் சங்கரைத் தொடவே இல்லை. அவன் "பெரிம்மா" என்று முந்தானையைப் பிடித்தால் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்பாள். புறப்படுகிற அன்றைக்கும் எட்ட நின்றுதான் பார்த்தாள்.

இல்ஃபோர்டுக்குத் திரும்பிப் பத்து நாளில் குச்சி பழையபடி கத்திரிப்பூ நிறமாகிவிட்டது. வலிப்பு மட்டும் பழையபடி நிற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று. டாக்டர், இது பசையால்தான் என்று சொல்ல முடியாது, சில பிள்ளைகளுக்கு டயட் கொஞ்ச காலம் கேட்டுவிட்டுப் பிறகு கேட்காமல் போவதும் உண்டு, பார்க்கலாம் என்றார். இரண்டு வருஷக் கணக்கு முதலில் இருந்து தொடங்கியது. இப்போது அந்தக் கணக்கையே யாரும் பேசுவதில்லை. ஹெலனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடலாம் என்று முயன்றேன். க்ளூ தின்றான் என்றேன். யார் கொடுத்தது என்றாள். வீட்டில் செய்வது என்றேன். வீட்டில் எதற்கு க்ளூ என்றாள். பட்டாசுக்கு என்றேன். அவள் முகம் போன போக்கே வேறாக இருந்தது. பிள்ளையை வெடிமருந்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பசை ஊட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அடுத்த வாரம் ஓர் அம்மாள் வீட்டுக்கு வந்து சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்த்துவிட்டு, நல்லவிதமாகச் சிரித்துவிட்டுப் போனாள். விஷம் போடாமல் விட்டதுதான் எங்கள் மதினி பிள்ளைமேல் வைத்த பாசம் என்பதை எந்த இங்கிலீஷில் சொல்வது? அதோடு இங்கே உண்மை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

அங்கேயும் சொல்வதில்லை. திரும்பி வந்த புதிதில் தினமும் மத்தியான ஓய்வில் வீட்டுக்கு வந்து காலிங் கார்டு போட்டு அண்ணனின் செல்லுக்குப் பேசுவேன். மதினி வாங்கி, "தொரைக்கு இன்னைக்கு?" என்பாள். வந்தது என்றால் போனை அப்படியே அண்ணனிடம் கொடுத்துவிடுவாள். ஒருநாள் அண்ணன் தனியாக வெளியே வந்து பேசினான். "ஏலே, இவ ராத்திரிச் சோத்த விட்டு ஒரு மாசமாச்சு. கொழாயும் சுருட்ட மாட்டேங்கா. கையையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்கா. நல்ல வார்த்த ஒண்ணு சொல்லுலே." மறுநாள் அவள் கேட்டபோது, "ஒண்ணுமில்ல மதினி" என்றேன். அன்று காலையில்தான் மூன்று நிமிஷம் இழுத்திருந்தது. "நெசமாவா தம்பி?" "நெசமா." அன்றிரவு மதினி சாப்பிட்டாள் என்று அண்ணன் சொன்னான். அதற்கடுத்த நாளும் ஒன்றுமில்லை என்றேன். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது?

இப்போது அவள் திரும்பக் குழாய் சுருட்டுகிறாள். துத்தம் போட்டுத்தான். சுவரில் மாட்டியிருக்கிற தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைத் தூரப் போடுவதில்லையாம். வலிப்பில்லாத நாளுக்கு ஒரு தாள் என்று குழாய்க் கம்பியிலேயே குத்திச் சேர்த்து வைத்திருக்கிறாளாம். "நூத்தி எழுபதைத் தாண்டிருச்சு தம்பி" என்று போன வாரம் சொன்னாள். ஒரு வருஷம் முழுசாக முடிந்ததும் பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருக்கிறாள். தன் பொய்ச் சத்தியத்தை ஆத்தா மன்னித்துவிட்டாள், இல்லையென்றால் பிள்ளைக்கு எப்படி நிற்கும் என்கிறாள். இதைச் செல்வியிடம் சொன்னேன். அவள் சங்கருக்கு வெண்ணெய் நிறுத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தச் சட்டியில உள்ள நெருப்பு நெசமாச் சுடுமே. அதுக்கு என்ன சொல்லப் போறீக?"

பொய் என்று சொன்னால் மதினி திரும்பக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சொல்லாவிட்டால் இல்லாத குணத்துக்காக நெருப்பைத் தூக்குவாள். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்ப்பதுதான் புரோட்டா வீசும்போதெல்லாம் எனக்கு வேலை.

இன்று மத்தியானமும் பேசினாள். "தொரைக்கு இன்னைக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "இப்படியே போச்சுன்னா சோறு குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிருக்காருல்ல? மொத வாய் நாந்தான் ஊட்டுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாயிற்று. சரி மதினி என்றேன். விஸ்வநத்தத்தில் என் மகன் நாளுக்கு நாள் குணமாகிக்கொண்டு வருகிறான். கம்பியில் அவனுக்கு இன்றைக்கும் ஒரு தாள் ஏறியிருக்கும். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். செல்வி தரையில் உட்கார்ந்து இல்ஃபோர்டில் இருக்கிற சங்கரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "மணியப் பாருங்க" என்றாள்.